பீங்கான் சுண்டுவிரல்

சங்கிலியில் தலைகீழாகத் தொங்கி வந்த பீங்கான் கைகளில் ஒன்றுக்குச் சுண்டுவிரல் கோணலாக இருந்தது.

கையுறை ஆலையில் உருவும் வரிசையில் நிற்பவளுக்கு ஒரு கைக்கு இரண்டு நொடிதான். ரப்பர் பாலில் முங்கி, உலையில் வெந்து, தொட்டியில் கழுவப்பட்டு, ஆவி பறக்க வந்து சேரும் வெள்ளைக் கையின் மணிக்கட்டில் விரலைக் கொடுத்து மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. உறை உள்பக்கம் வெளியாகப் புரண்டு வந்துவிடும், பீங்கான் அம்மணமாக நகர்ந்துபோகும். அடுத்தது. அதற்கடுத்தது. ஒன்பது வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. தலைக்கு மேலே சங்கிலியின் கிறீச்சும், அமோனியா நெடியும், உலை வாயிலிருந்து வரும் வெக்கையும் உடம்பில் இன்னொரு தோலாகப் படிந்துபோயிருந்தன. மனசை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் கை உருவும். அன்று காலையிலும் கைக்குத்தான் முதலில் தெரிந்தது. ஓர் உறை சுண்டுவிரல் பக்கம் சிக்கி, ஒரு திருகு திருகிக்கொண்டு வந்தது. அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அந்தக் கை தள்ளிப் போய்விட்டது.

தன் இடக்கையைப் பார்த்துக்கொண்டாள். நடுக்கணுவில் ஒடிந்து, பக்கத்து விரல்மேல் சாய்ந்து, நுனி மட்டும் வெளியே திரும்பிய சுண்டுவிரல். பதினோரு வயதில் கல்குவாரியில் சல்லி உடைக்கும்போது விழுந்த கல். அப்பா பழந்துணியில் ஒரு துண்டு கிழித்துக் கட்டிவிட்டு, வலது கை நன்றாகத்தானே இருக்கிறது என்றார். அவளும் வலது கையால் உடைத்தாள். எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடிக்கொண்டது. அதுவே பிறகு பெயரும் ஆனது. ஆலையில் அவளை எல்லோரும் கோணை என்றுதான் கூப்பிடுவார்கள். இன்னொரு பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதை அங்கே யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு சுற்றுக்கு முப்பத்திரண்டு நிமிடம். போன கை திரும்பி வந்துதான் ஆக வேண்டும்.

வந்தது. இந்த முறை முழித்துக்கொண்டு நின்றாள். அதே நடுக்கணு. அதே சாய்வு. நுனி அதே அளவுக்கு வெளியே திரும்பியிருந்தது. உலையில் வளைந்த பீங்கான் வெடிக்கும், நொறுங்கும். இப்படி ஒரு மனுஷியின் விரலைப் பார்த்து எழுதியதுபோல் வளையாது.

அப்போதுதான் அந்தக் காகிதம் நினைவுக்கு வந்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வகுப்பு நடந்தது. உலைப்பக்கம் ஒரு மின்விசிறி கேட்டு மூன்று வருஷம் ஆகியும் வரவில்லை. தன்னையே தெரிந்துகொள்ளச் சொல்லிக்கொடுக்க ஓர் அம்மாள் வந்துவிட்டாள். வெள்ளைச் சட்டை, தாழ்ந்த குரல், கண் இமைக்கவே இமைக்காது. அடுத்தவர் கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோமோ அதுதான் நம்மில் பாதி என்றாள். மீதிப் பாதி என்ன என்று கண்டுபிடிக்க ஆளுக்கொரு காகிதம் கொடுத்தாள்.

"பேர் வேண்டாம். வேலை வேண்டாம். யாருக்கு அம்மா, யாருக்குப் பொண்டாட்டிங்கறதும் வேண்டாம். இதெல்லாம் எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கோ, அதை எழுதுங்க."

"இதெல்லாம் எடுத்துட்டா மிச்சம் முதுகுவலிதான் டீச்சர்," என்றாள் ரேடியோ. வரிசையில் அவளுக்கு நேர் எதிரே நின்று உருவுகிறவள்; வாய் ஓயாததால் அந்தப் பெயர். கூடமே சிரித்தது.

கோணைக்கு எழுத ஒன்றும் தோன்றவில்லை. யோசிக்க யோசிக்க உள்ளே கிணறு மாதிரி இருந்தது. கல்லைப் போட்டால் சத்தம் வராத கிணறு. பயந்துபோய் இடக்கையைக் காகிதத்தில் பதித்து, பேனாவால் சுற்றி வரைந்து கொடுத்துவிட்டாள். கோணலையும் விடாமல் வரைந்திருந்தாள். அந்த அம்மாள் மற்றவர்களுடையதை அடுக்கிக் கட்டினாள். இதை மட்டும் வெகுநேரம் பார்த்து, நான்காக மடித்து, தன் பையில் தனியாக வைத்துக்கொண்டாள்.

"இது போதும்," என்றாள்.

மூன்றாவது சுற்றில் அந்த விரல் வந்தபோது கோணை கயிற்றை இழுத்துவிட்டாள்.

வரிசையின் நீளத்துக்கும் ஒரு சிவப்புக் கயிறு ஓடும். கை சிக்கினால் இழுக்க வேண்டியது. இழுத்தால் லைன் நின்றுவிடும். நின்ற நேரத்தை ஷிஃப்ட் முடிந்த பிறகு எல்லோரும் நின்று ஈடுகட்ட வேண்டும். கம்பெனி பஸ் யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் கயிற்றைத் தொட எல்லோருக்கும் கை கூசும். போன வருஷம் கடைசி இடத்தில் நின்ற பெண்ணின் சட்டைக் கை சங்கிலியில் மாட்டி அவள் அலறியபோது, கயிறு கோணையின் தலைக்கு மேலேதான் இருந்தது. பஸ்ஸுக்குப் பத்து நிமிடம். வேறு யாராவது இழுப்பார்கள் என்று குனிந்து உருவிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் இரண்டு விரலை விட்டுவிட்டுப் போனாள். அவள் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

சங்கிலி நின்றது. ஒன்பது வருஷத்தில் அவள் கேட்டிராத ஓர் அமைதி. தொங்கும் கைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் ஓசை மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது. சூப்பர்வைசர் விளக்கோடு வந்து, முன்னே நாற்பது கை, பின்னே நாற்பது கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

எல்லா விரலும் நேராக இருந்தது.

லைன் நின்றது பதினான்கு நிமிடம். சாயங்காலம் பஸ் போய்விட்டது. முப்பது பெண்கள் லாரிப் புழுதியில் நெடுஞ்சாலையோரம் நடந்தார்கள். அவள் பக்கத்தில் யாரும் நடக்கவில்லை. பின்னாலிருந்து ரேடியோ, காதில் விழட்டும் என்றே சொன்னாள்:

"விரல் மட்டும்தான் கோணல்னு இத்தனை நாளா நெனச்சுட்டோமே."

மறுநாள் டீ நேரத்தில் அவள் வந்தபோது சாப்பாட்டுக் கூடத்துப் பெஞ்சில் இடம் இல்லை. ஆட்கள் குறைவாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் இடம் இல்லை. டீ ஊற்றுகிறவன் அவளைத் தாண்டி அடுத்தவளுக்கு ஊற்றினான். யாரும் முறைக்கவில்லை. முறைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்கள் அவள்மேல் பட்டு, நிற்காமல், பின்னால் இருந்த சுவருக்குப் போயின.

சுற்றுக்கு ஒருமுறை அந்தக் கை வந்தது. முதல் சுற்றில் கட்டைவிரல் அடியில் ஒரு தழும்பு இருந்தது. வெங்காயம் நறுக்கும்போது அவளுக்குப் பட்ட வெட்டு. அடுத்த சுற்றில் நடுவிரல் நகத்தில் கறுப்புப் புள்ளி. அதற்கடுத்து, புறங்கையில் நரம்பு. வெள்ளைப் பீங்கானுக்கு அடியில் நீலமாக, கிளை பிரிந்து. ஒவ்வொரு முறையும் அதை உருவியபோது உறை கொஞ்சம் கூடுதலாக ஒட்டியது. தோலை உரிப்பதுபோல் ஒட்டியது.

கயிறு தலைக்கு மேலேதான் இருந்தது. அவள் தொடவில்லை.

மதியம் கை கழுவும்போது தண்ணீர் சூடா குளிரா என்று இடக்கைக்குத் தெரியவில்லை. உயர்த்திப் பார்த்தாள். தழும்பு இல்லை. நகத்தில் புள்ளி இல்லை. சுண்டுவிரல் அடிமட்டம் வைத்ததுபோல் நேராக நின்றது. ஒரு சொட்டு வலிகூட இல்லை. இருபத்தேழு வருஷக் கோணல் அவளிடம் சொல்லாமலே போய்விட்டிருந்தது.

ரேடியோவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள்.

"பாரு. நேராயிடுச்சு."

"நேராத்தானே இருக்கும் விரல்னா?"

"எனக்கு நேரா இருந்துச்சா? பின்ன ஏன்டி என்னைக் கோணைன்னு கூப்பிடுற?"

"யாரை?" என்றாள் ரேடியோ.

அவள் முகத்தில் நக்கலைத் தேடினாள். நேற்றைய கோபத்தைத் தேடினாள். நிஜமாகவே யாரென்று தெரியாமல், வரிசைக்குப் புதிதாக வந்தவளிடம் பேசும் அலுப்போடு ரேடியோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் மகள் நின்றிருந்தாள். ஏழு வயது. அப்பன் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வண்டியோடு மாசக்கணக்கில் வெளியூர். பிள்ளைக்கு எல்லாம் அம்மாதான். நடக்கப் பழகிய நாளிலிருந்து ரோட்டைக் கடக்க அந்தக் கோணல் விரலைத்தான் பிடிப்பாள், கதவின் கைப்பிடியைப் பிடிப்பதுபோல. அன்றும் அண்ணாந்து பார்க்காமல் கையை நீட்டித் தேடினாள். சின்ன விரல்கள் சுண்டுவிரலைத் தொட்டு, நுனிவரை தடவி, மறுபடி அடிவரை வந்து, நின்றன.

விட்டுவிட்டாள். இரண்டடி பின்னால் போய் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கம்மா இப்ப வந்துடுவாங்க. நான் நிக்கிறேன்."

காவல்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் பிள்ளையை இழுத்துக்கொண்டுதான் ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தது. வீட்டில் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, இருட்டும்வரை பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்காக. பின்னால், அடுப்பருகே, பிள்ளைக்கு யாரோ ஒருத்தியாக அவள் நின்றிருந்தாள்.

மூன்றாம் நாள் அவள் சல்லிச் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனாள். அப்பா விட்டுப்போன ஒரே சொத்து. முன்துணிக்குள் இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த பெரிய வித்தை எதையாவது உடைப்பதுதான். எது எங்கே அடித்தால் பிளக்கும் என்று கைக்குத் தெரியும். அந்தப் பீங்கான் கை நொறுங்கினால் கோணல் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். ஆனால் இரண்டு இருக்காது. பிள்ளைக்குப் பிடிக்க ஒன்றுதான் இருக்கும்.

காலையிலிருந்து அது வரவில்லை. ஒரு சுற்று. இரண்டு. ஐந்து. நேரான விரல்கள், நேரான விரல்கள். வேர்வை கண்ணில் இறங்கியது. மூக்கில் அமோனியா இல்லை. வேறு ஏதோ வாடை, பழகிய வாடை. தன் தலையணையின் வாடை என்று சற்றுத் தாமதமாகப் புரிந்தது.

ஷிஃப்ட் முடிய அரைமணி நேரம் இருந்தபோது வந்தது.

தூரத்திலேயே தெரிந்தது. மற்றவை சங்கிலியின் ஆட்டத்துக்கு ஆடின. இது ஆடவில்லை. மேலே உறை பளபளத்தது. உறைக்குள் விரல்கள் லேசாக மடங்கி, பிரிந்தன.

சுத்தியலை ஓங்கினாள். உறையோடு அடித்தால் வழுக்கும். முதலில் உருவ வேண்டும். மணிக்கட்டில் இடக்கை விரலைக் கொடுத்தாள்.

சூடு. உலைச்சூடு இல்லை. உடம்புச்சூடு.

உறை உரிந்து வந்தது. உள்ளே தோல். ரேகை. கட்டைவிரல் அடியில் வெங்காயம் நறுக்கிய தழும்பு. அவள் கை. அடிக்க முடியவில்லை. யாரால் முடியும்?

அது அவள் சுண்டுவிரலைப் பிடித்தது. பிள்ளை பிடிப்பதுபோலவே.

சங்கிலி நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள். ஓர் அடி. இரண்டு. இழுத்துப் பார்த்தாள். சுத்தியல் விழுந்தது. சுண்டுவிரல் இரும்புத் தூணில் மோதியது.

கிளிங் என்றது.

வெள்ளை மணிக்கட்டுவரை ஏறியிருந்தது. பார்க்கப் பார்க்க முழங்கைக்கு. கத்தினாள். கூடம் முழுக்கக் கேட்கக் கத்தினாள். முப்பது தலைகள் நிமிர்ந்தன. ரேடியோவின் நெற்றிக்கு மேலே சிவப்புக் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. எட்டினால் போதும். ரேடியோ அவளைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

குனிந்து அடுத்த உறையை உருவினாள்.

பிறகு தொட்டி. ரப்பர் பால் வாயில்லாத முகத்தை மூடியது. உலை. கொதிநீர். மறுபடி பால். இருட்டிலும் வெளிச்சத்திலும் சங்கிலி ஒரே வேகத்தில் போனது. நடுவில் எங்கோ ஷிஃப்ட் முடியும் மணி அடித்து, ஆனாலும் சங்கிலி நிற்காமல், தொங்கும் கைகளில் ஒன்றாக அவள் திரும்பி வந்தாள்.

அவள் இடத்தில் ஒருத்தி நின்றிருந்தாள். அவள் முன்துணி. அவள் தோள். மாற்று ஆள் வருகிறவரை கடைசியாக ஒரு கை உருவிவிட்டுப் போகிற அவசரம். மணிக்கட்டில் கோணல் விரலைக் கொடுத்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. அம்மணமான பீங்கானை நேராகப் பார்த்தாள். தலைக்கு மேலிருந்த கயிற்றைக் கோணல் விரலால் ஒருதரம் தொட்டாள்.

இழுக்கவில்லை.

"கோணை, வாடி, பஸ் போயிடும்," என்றாள் ரேடியோ. "புள்ள காத்துக்கிட்டு நிக்கும்."

அந்த ஒருத்தி சிரித்தாள். குனிந்து பையை எடுத்து, எப்போதும்போல் அந்த விரலில் மாட்டிக்கொண்டு போனாள். இன்றைக்குப் பிள்ளை விரலை விடாது.

சங்கிலி தொட்டியை நோக்கித் திரும்பியது.