கொச்சை என்று சொல்லிவிட்டாள்

"இன்னாமா நீ! ஓடுற வண்டில ஏர்றியே... வுயுந்துட்டா இன்னா பண்ணுவே?"

கொரட்டூர் ஸ்டேஷனில் கொட்டுகிற மழை. நகர ஆரம்பித்த ஆவடி வண்டியில் எழிலரசி கால் வைத்த நொடி, ஒரு கை அவள் மணிக்கட்டைப் பற்றி உள்ளே இழுத்தது. நிமிர்ந்தாள். நனைந்த இமைகள்... அவற்றின் கீழே குறும்பாய்ச் சிரிக்கிற கண்கள்!

நெஞ்சு படபடத்தது. அதை மறைக்கத்தான் கோபம் வந்தது.

"காப்பாத்துனதுக்கு நன்றி. ஆனா பொண்ணுங்ககிட்ட இப்படிக் கொச்சையா பேசாதீங்க."

அந்தக் கண்கள் சட்டென்று வாடின.

"தப்பா ஒண்ணியும் சொல்லலியே... கோவில்பதாகைல எங்க ஊட்ல எல்லாரும் இப்டிதான். எங்கம்மா என்னிய கொஞ்சுனதே இந்த பாஷைலதான். ஆமா... கொச்சைன்னா இன்னா அர்த்தம்? எங்கேர்ந்து வந்துச்சு அந்த வார்த்தை?"

எழிலரசி விழித்தாள். தமிழ் எம்.ஏ. படித்து, பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவள்... தெரியவில்லையே! ஆவடியில் யாரோ "வெற்றி!" என்று கூப்பிட, அவன் அவளைத் திரும்பியும் பார்க்காமல் இறங்கிப் போனான்.

மறுநாள் ஆபீஸில் முதல் வேலையாக அகராதியைப் புரட்டினாள். கொச்சை... திருந்தாத பேச்சு. சரி, அடுத்த பொருள்? சீகாழி!

அவள் பிறந்த ஊர்! ஆவடி பாக்டரி வேலைக்காக அப்பா விட்டு வந்த ஊர். கொச்சைவயம் என்று அதற்குப் பழைய பேராம். இரண்டும் ஒரே வேரா, வேறு வேறா... யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. பொருள் தெரியாமலே ஒருவனைச் சுட்டுவிட்டோமே...

சாயங்காலம் அதே பெட்டியில் அவனைத் தேடிப் பிடித்தாள்.

"ஸாரிங்க... நான் எழிலரசி."

"வணக்கம். தாங்கள் நலமா? அடியேன் வெற்றிச்செல்வன். பெரம்பூர் மருத்துவமனையில் இயன்முறை மருத்துவர்."

பக்கத்து சீட் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. அந்த வாரம் முழுக்க அதே செந்தமிழ்... ஒவ்வொரு சொல்லும் அவளைத் தள்ளி நிறுத்தியது. ஆனாலும் அதே வண்டி, அதே பெட்டி. அவளைத் தவிர்க்க நினைக்கிறவன் ஏன் பெட்டி மாறவில்லை?

வெள்ளிக்கிழமை ஆவடியில் இறங்கியதும் அவன் சொன்னான்.

"நாளை முதல் எனக்கு ஓசூர் கிளையில் பணி. விடைபெறுகிறேன்."

திக்கென்றது. மழையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். படிக்கட்டருகே அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொச்சைன்னா எங்க ஊர் பேருங்க! சீகாழி! அப்ப நானும் கொச்சைதான்... போதுமா? தயவுசெஞ்சு உங்க மாதிரி பேசுங்க. இந்தத் தமிழ் எனக்கு வேணாம்!"

"ஏன் வேண்டாம்?"

வெட்கம் கன்னத்தில் ஏறியது. இத்தனை நாள் கூட்டத்தில் கேட்டுக் கேட்டுப் பொறுக்கிய சொற்களை மெல்லக் கோத்தாள்.

"எனக்கு... உன்னிய... ரொம்ப புடிச்சி... கீறேன்!"

வெடித்துச் சிரித்தான் வெற்றி.

"கீறேன் இல்லமா... புடிச்சிகீது!"

"புடிச்சிகீது..."

"இத்த கேக்கத்தான்மா வாரம் பூரா இந்த வண்டில தொங்கிகினு வந்தேன்." அவள் மணிக்கட்டைப் பற்றினான். "ஓசூரு இன்னா தூரம்? ஞாயித்துக்கெயமை தவறாம வந்துர்றேன்... எனக்கும் உன்னிய புடிச்சிகீது எழிலு!"