ரிப்பன் குவளை

வெளிச்சம் சரியாக வராத நேரம். கறவை மாடு லூசேராவின் பின்னங்காலில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனை அம்மா அவிழ்த்துக்கொண்டிருந்தார். வைக்கோல் எடுக்க வந்த தமாரிஸ் அதைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, டாக்டர் இன்னும் அவுக்கச் சொல்லலையே?"

அம்மா திரும்பவில்லை. ரிப்பனைச் சாணிச் சேற்றில் போட்டுவிட்டு, பால் கேனின் மூடியை அழுத்தி மூடினார்.

"ஒரு கேன் பால்தானே. ஊர்ப்பாலு சேர்ற அம்மாம் பெரிய தொட்டியில கலந்தா யாருக்குத் தெரியப்போவுது? போ, கழுதையைக் கொண்டா."

கயம்பே பனிமலையின் சரிவில் இருந்த அந்த ஊரில் சிவப்பு ரிப்பன் என்றால் என்னவென்று நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். ஊசி போட்ட மாடு என்று அர்த்தம். மடிநோய்க்குப் போடும் மருந்து பாலிலும் இறங்கும். அந்தப் பாலைக் குடிக்கக் கூடாது. அதில் பாலாடைக்கட்டியும் உறையாது. டாக்டர் சொல்லும்வரை அந்த மாட்டுப் பாலைக் கறந்து கீழேதான் ஊற்ற வேண்டும்.

தமாரிஸுக்குப் பதினொரு வயது. அம்மா எர்லிந்தா யாரையும் ஏமாற்றி அவள் பார்த்ததில்லை. ஆனால் அவர்களிடம் இருந்ததே இரண்டு மாடுகள். ஒன்று பால் வற்றிச் சினையாக நின்றது. இன்னொன்று, கன்று போட்டுப் பால் தரும் லூசேரா. இந்தத் தவணைப் பால் காசு வரவில்லை என்றால் லூசேராவை ஞாயிற்றுச் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான் என்று அம்மா முந்தின நாளே சொல்லிவிட்டார். நோய் கண்ட மாட்டைச் சந்தையில் யாரும் வளர்ப்பதற்கு வாங்க மாட்டார்கள்.

அம்மா அடுப்படிக்குப் போனதும் தமாரிஸ் குனிந்து ரிப்பனை எடுத்தாள். மாட்டுத் தொட்டித் தண்ணீரில் அலசி, மேலே போர்த்தியிருந்த போன்ச்சோவுக்கு உள்ளே செருகிக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

கழுதையின் பெயர் மந்திரி. வேலை சொன்னால் நின்று நெடுநேரம் யோசிக்கும் என்பதால் அப்பா வைத்த பெயர். அன்றும் அது வாசலிலேயே நின்று யோசித்தது. தமாரிஸ் அதை அவசரப்படுத்தவில்லை.

அப்பா கீழே பள்ளத்தாக்கில் ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்தார். காதலர் தினத்துக்கு வெளிநாட்டுக்குப் போகும் ரோஜாக்கள். அவர் வீட்டுக்கு வருவதே அபூர்வம். கூட்டுறவுப் பால் ஆலை விலையைக் குறைத்த பிறகுதான் அவர் அங்கே போனார். மழைக்காலத்தில் ஒரு முறை குறைத்தார்கள். கிடங்கில் பால்பவுடர் தேங்கிக் கிடக்கிறது என்று சொல்லி இன்னொரு முறை குறைத்தார்கள். "கூட்டுறவுன்னா நாமதான் முதலாளியாம்," என்று அப்பா போகும்போது சொன்னார். "வேலைக்காரன் என்ன தர்றான்னு முதலாளி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்கான்." அன்று எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் முறை குறைத்தபோது அந்த வேடிக்கையை யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் நின்றுபோனது. அதற்கு ரிப்பன் குவளை என்று பெயர். யார் வீட்டு மாட்டுக்காவது ஊசி போட்டால், அந்த வீட்டார் கேனின் கைப்பிடியில் அதே சிவப்பு ரிப்பனைக் கட்டி, காலி கேனோடு பால் நிலையத்துக்கு வருவார்கள். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் தன் பாலில் ஒரு குவளை மொண்டு அதில் ஊற்றுவார்கள். சேர்ந்த பால் அந்த வீட்டுக் கணக்கில் ஏறும். மாடு தேறும்வரை அப்படித்தான்.

விலை குறைந்ததும் ஊர்க்கூட்டத்தில் காலோ என்பவர் எழுந்து நின்றார். இந்த விலைக்குத் தன் வீட்டுப் பால் தன் வீட்டுக்கே போதவில்லை என்றார். அவரவர் மாடு அவரவர் பாடு என்று முடிவாயிற்று. கை தூக்கியவர்களில் அம்மாவும் ஒருவர்.

அதற்குப் பிறகு ஒருநாள், நிலையத்தில் ஊர்ப் பால் எல்லாம் சேரும் தொட்டி கெட்டது.

பாலை ஏற்ற வந்த ஆலை லாரியின் ஓட்டுநர் தொட்டியிலிருந்து கொஞ்சம் பால் எடுத்து, ஒரு காகிதப் பட்டையை அதில் நனைத்துப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டிவிட்டுக் குழாயைச் சுருட்டி லாரியில் போட்டார். மருந்து கலந்திருக்கிறது, வேண்டாம் என்றார். ஊரே கறந்த பால் முழுவதும் ஓடைக்குள் போயிற்று. இன்னொரு முறை இப்படி ஆனால் லாரி இந்த மலைக்கு ஏறாது என்று ஆலையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். லாரி வராவிட்டால் அந்தச் சரிவில் பாலை வாங்க வேறு ஆள் கிடையாது.

யார் ஊற்றியது என்று தெரியவில்லை. ஆனால் அப்போது ரிப்பன் கட்டியிருந்தது பக்கத்து வீட்டு எரிபெர்த்தோவின் மாடு மட்டும்தான். அவர்தான் என்று ஊர் முடிவு கட்டியது. அவர் தினமும் பாலை வேலியோரம் கொட்டுவதைத் தமாரிஸ் தன் கண்ணால் பார்த்திருந்தாள். அம்மாவிடம் சொன்னாள். அம்மா வேறு யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

பால் நிலையத்தில் வரிசை நின்றுகொண்டிருந்தது. மாடு தேறி மறுபடி பால் கொண்டுவரத் தொடங்கியிருந்த எரிபெர்த்தோ கடைசி ஆளாக நின்றார். அவருக்கும் முன்னால் நின்ற பெண்ணுக்கும் நடுவில் ஒரு மாடு நிற்கும் அளவுக்கு இடைவெளி. தமாரிஸ் அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"வாங்க மந்திரி," என்று அவர் கழுதையிடம் சொன்னார். "இந்த ஊர்ல எனக்கு வணக்கம் சொல்றது நீங்க ஒருத்தர்தான். அதுவும் காதை ஆட்டி."

தமாரிஸ் சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

"என்ன பாப்பா, மூஞ்சி சோளம் தீஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல மாமா."

வரிசை மெல்ல நகர்ந்தது. தொட்டிக்குப் பொறுப்பான மெல்ச்சோரா, ஊரார் மரியாதையாகத் தோன்யா என்று கூப்பிடும் பெண்மணி, ரப்பர் பூட்ஸோடு நின்று ஒவ்வொரு கேனையும் சோதித்தார். எல்லாக் கேனும் தேறிய பிறகுதான் பால் தொட்டிக்குப் போகும். பாலில் கொஞ்சம் சாராயம் கலந்து பார்ப்பார். புளித்த பால் என்றால் திரிந்துவிடும். தண்ணீர் கலந்திருந்தால் மிதவைக் கருவி காட்டிக்கொடுக்கும். ஆனால் மருந்து இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் எதுவும் இல்லை. அந்தப் பட்டை லாரியோடுதான் வரும்.

எனவே லூசேராவின் பால் இங்கே தப்பிவிடும். தமாரிஸுக்கு அது தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

அப்புறம் லாரி வரும். பட்டையை நனைப்பார்கள். ஓட்டுநர் தலையாட்டுவார். உடனே எல்லோரும் யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள்? முன்னால் நின்ற எரிபெர்த்தோவின் கிழிந்த தொப்பியைத் தமாரிஸ் பார்த்தாள்.

போன தடவை ஊற்றியது யாராக இருந்தாலும், திருடனோ கெட்டவனோ இல்லை என்று அவளுக்குத் திடீரெனத் தோன்றியது. அம்மாவைப் போல யாரோ ஒருவர். விடியற்காலையில், யாரும் பார்க்காதபோது, ரிப்பனை அவிழ்த்த ஒருவர்.

அவள் ரிப்பனை வெளியே எடுத்தாள். குளிரில் விரல் மரத்துப்போயிருந்தது. முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவது நின்றது. கேனின் கைப்பிடியில் சிவப்பாகத் தொங்கியது.

அவள் முறை வந்தது.

"ரிப்பன் கட்டின கேன்ல பால் எதுக்குடி?" என்றார் மெல்ச்சோரா.

"இது லூசேரா பால், தோன்யா. ஊசி போட்டிருக்கு. தொட்டிக்கு ஆகாது."

"ஆகாதுன்னா எதுக்குக் கழுதை மேல ஏத்திக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தே?"

மாற்றி எடுத்து வந்துவிட்டேன் என்று சொல்லலாம். அந்தப் பொய் நாக்கின் நுனிவரை வந்தது. அப்படிச் சொன்னால் நாளைக்கும் அம்மா இதே பாலைக் கொடுத்தனுப்புவார்.

"குவளை கேக்க வந்தேன்," என்றாள்.

சோதனை முடிந்து ஓரமாக நின்றிருந்த காலோ சிரித்தார். "குவளை கேக்க வர்றவ காலி கேனோட வரணும். இவ நிறைச்சுக்கிட்டு வந்து கேக்கறா பாரு."

இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள். அப்புறம், கேன் ஏன் நிறைந்திருக்கிறது என்பது ஒவ்வொருவருக்காகப் புரிந்தது. சிரிப்பு நின்றது.

"உங்கம்மா..." என்று ஆரம்பித்த மெல்ச்சோரா நிறுத்திக்கொண்டார். கேனைப் பார்த்தார். தமாரிஸைப் பார்த்தார். "கவுத்து," என்றார்.

தமாரிஸ் கேனைச் சாக்கடையில் கவிழ்த்தாள். வெள்ளையாக ஓடியது. ஒரு நாய் நக்க வந்தது. எரிபெர்த்தோ தொப்பியை வீசி அதை விரட்டினார்.

"குவளை கிடையாதுன்னு கூட்டத்துல முடிவாயிடுச்சே," என்றார் மெல்ச்சோரா. "உங்கம்மாவும்தானே கை தூக்கினா?"

"தூக்கினாங்க. அப்ப எங்க மாடு நல்லா இருந்துச்சு."

தமாரிஸ் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: "குவளை இருந்தப்ப யாரும் ரிப்பனை அவுக்கல."

மெல்ச்சோரா கேனை அவள் கையிலிருந்து வாங்கினார். கொதிநீர் ஊற்றித் தேய்த்தார். கீழே கொட்டிவிட்டு மறுபடியும் தேய்த்தார். பிறகு அதை வரிசைக்கு நடுவில் டங்கென்று வைத்தார்.

எரிபெர்த்தோதான் முதலில் வந்தார். தன் கேனிலிருந்து ஒரு குவளை மொண்டார்.

"நுரையைப் பாலுன்னு கணக்கு காட்டாதே," என்றார் மெல்ச்சோரா. "நுரை அடங்கட்டும். தலை தட்ட ஊத்து."

அவர் காத்திருந்து, மீண்டும் நிரப்பி ஊற்றினார். இடைவெளி விட்டு நின்றிருந்த பெண் அடுத்ததாக வந்தாள். ஊற்றிவிட்டு, எரிபெர்த்தோவின் முகத்தைப் பார்க்காமலே, அவருடைய மாடு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இன்னும் சிலர் வந்தார்கள். சிலர் குவளை தராமல், தங்கள் கேனைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போய்விட்டார்கள்.

"என் வீட்ல நாலு வாய் இருக்கு," என்று சொல்லிவிட்டுக் காலோவும் போனார். அவரை யாரும் திட்டவில்லை. அவர் சொன்னது பொய்யும் இல்லை.

கேன் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறைந்தது. மெல்ச்சோரா அதையும் தொட்டியில் ஊற்றி, எர்லிந்தாவின் கணக்கில் எழுதினார்.

லாரி வந்தது. ஓட்டுநர் பட்டையை நனைத்தார். தமாரிஸ் மந்திரியின் கயிற்றைப் பிடித்தபடி அந்தப் பட்டையையே பார்த்தாள்.

"சுத்தம்," என்றார் ஓட்டுநர். குழாயை மாட்டிக்கொண்டே, அடுத்த மாதம் விலை இன்னும் குறையும் என்று பேசிக்கொள்கிறார்கள் என்றும் சொன்னார்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தார். அடுப்பு மூட்டியிருக்கவில்லை. கூரையில் புகை இல்லை.

"ஊத்திட்டியா?"

"சாக்கடையில ஊத்தினேன்."

கைப்பிடியில் இருந்த ரிப்பனை அம்மா அப்போதுதான் பார்த்தார். பால் கறக்கும் முக்காலியில் அப்படியே உட்கார்ந்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும்."

அம்மா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். சால்வைக்குள்ளிருந்தே, "என்ன சொன்னாங்க?" என்றார்.

"கேனைக் கழுவித் தந்தாங்க. எரிபெர்த்தோ மாமாதான் முதல்ல ஊத்தினாரு."

மறுநாள் காலை லூசேராவின் காலில் ரிப்பன் இருந்தது. பழைய பாவாடையில் கிழித்த இன்னொரு சிவப்புத் துண்டு கேனின் கைப்பிடியில் இருந்தது. காலி கேனை அம்மாவே எடுத்துக்கொண்டார். வரிசையில் போய் நின்றார். முதலில் எரிபெர்த்தோவிடம் போய் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று தமாரிஸுக்குக் கேட்கவில்லை. எரிபெர்த்தோ தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

லூசேரா தப்பியது. அதன் கன்று தப்பவில்லை. குவளைப் பால் எல்லாவற்றுக்கும் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை கன்றைச் சந்தைக்கு ஓட்டிப்போனார்கள். தமாரிஸ் கூடப் போகவில்லை. அன்று முழுவதும் லூசேரா வேலியருகே நின்று கத்திக்கொண்டிருந்தது.

டாக்டர் வந்து பார்த்து, ரிப்பனை அவிழ்க்கலாம் என்றார். அதற்குள் விலை ஓட்டுநர் சொன்னபடியே குறைந்திருந்தது.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில் அம்மாவும் தமாரிஸும் பால் நிலையத்துக்குப் போனபோது வரிசை நின்றுகொண்டிருந்தது. ஓரத்தில் காலோ நின்றிருந்தார். அவர் காலடியில் காலி கேன். கைப்பிடியில் சிவப்பு ரிப்பன். கழுத்தில் ஏதோ பிடித்துக்கொண்டவரைப் போல மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்து கேட்கவில்லை.

அம்மா தன் கேனின் மூடியைத் திறந்தார். குவளையை விட்டு மொண்டார்.

"பாதி போதும் எர்லிந்தா," என்றார் காலோ, இன்னும் மலையைப் பார்த்தபடி.

"குவளைன்னா குவளைதான்," என்றார் அம்மா.

நுரை அடங்கும்வரை காத்திருந்தார். மறுபடி மொண்டு, தலை தட்ட நிரப்பி, ஊற்றினார். மந்திரி காதை ஆட்டியது. எரிபெர்த்தோ தன் குவளையோடு அடுத்து நின்றார்.