சாயமிடாத கிண்ணம்

லேசர் பட்டால் சாயம் மங்கும். வெயிலில் கிடந்த துணி வெளுப்பது மாதிரிதான். நுண்ணோக்கியில் பத்துப் படம் எடுப்பதற்குள் செல்களில் ஏற்றிய சாயத்தின் பச்சை ஒளி பாதியாகிவிடும். செங்கே இருபது படம் எடுத்துவிட்டாள். பச்சை குறையவில்லை. படத்துக்குப் படம் கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது.

மணி பிற்பகல் மூன்று. வெளியே செகெட் நகரம் டிசம்பர் மூடுபனியில் கிடந்தது. நுண்ணோக்கி அறைக்கு ஜன்னல் கிடையாது. அதற்குப் பகலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். லேசரைக் குளிரவைக்கும் விசிறியின் ஓயாத முனகல், சுட்ட தூசியின் வாசனை, செல்கள் சாகாமலிருக்க உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் சின்னப் பெட்டியிலிருந்து கசிகிற ஈர வெப்பம், எல்லாம் சேர்ந்து யாரோ பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுவது போலிருந்தது. இந்தச் செல்கள் கூட வேலை பார்த்த எமோகேயுடையவை. அவள் செத்து எட்டு மாதம் ஆகிறது.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம். வெள்ளணுக்கள் தேவைப்பட்டால் யாராவது ஒருவர் கையை நீட்டி ரத்தம் கொடுப்பார். கொடுத்தவருக்கு மற்றவர்கள் சுடச்சுட போகாச்சா ரொட்டி வாங்கித் தர வேண்டும். எமோகேதான் எப்போதும் முதல் ஆளாகச் சட்டைக் கையை மடிப்பாள். ஒரு உப்பு ரொட்டிக்கு ரத்தத்தை விற்கிறாள் என்று செங்கேயே கேலி செய்திருக்கிறாள். மீந்த செல்களைக் குழாய்களில் அடைத்து உறையவைத்துவிடுவார்கள். உறைந்தவை சாவதில்லை.

காலையில் குழாயை எடுத்துத் தந்தவர் வெண்டெல் மாமா, முப்பது வருஷமாக அங்கேயே இருக்கும் டெக்னீஷியன்.

"இதான் கடைசி, டாக்டரம்மா. ஒனக்குன்னே வச்சுட்டுப் போன மாதிரி இருக்கு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். செங்கேக்கு அது சுருக்கென்று தைத்தது.

இரண்டு வருஷத்துக்கு முன், செல்லின் சவ்வில் இரண்டு புரதங்கள் ஒட்டி ஒட்டியே நிற்கின்றன என்று அவள் கட்டுரை எழுதிப் பேர் வாங்கினாள். அந்தக் கணக்கு சரியாக வர, சாயமிடாத செல்கள் உள்ள கிண்ணம் ஒன்றையும் அதே ஒளியில் படமெடுக்க வேண்டும். செல்லுக்குத் தானாகவே ஒரு மினுக்கம் உண்டு. எவ்வளவு என்று பார்த்து அதைக் கழித்துவிட வேண்டும். நேரமில்லை. செங்கே லேசரை மறைக்கும் ஷட்டரை மூடிவிட்டு வெறும் இருட்டைப் படமெடுத்து, சாயமிடாத செல்கள், மினுக்கமே இல்லை என்று கட்டுரையில் போட்டுவிட்டாள்.

எமோகே ஒழுங்காகச் செய்து பார்த்தாள். மினுக்கத்தைக் கழித்ததும் அந்தப் புரத ஜோடியே காணாமல் போனது. கூட்டத்தில் எழுந்து கேட்டாள்.

"ஒன் கை சுத்தமில்ல எமோகே," என்றாள் செங்கே. "அதான் ஒனக்கு வரல."

ஆய்வுக்கூடத் தலைவர் யாரை நம்பினார் என்று சொல்லவும் வேண்டுமா? எமோகேயின் வேலை நீட்டிக்கப்படவில்லை. ஏப்ரலில் டிசா ஆற்றில் அவளை எடுத்தார்கள். தவறி விழுந்தாள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். செங்கேயும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கழிவறையில் போய் வாந்தியெடுத்தாள். அன்றிலிருந்து ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

இப்போது வெளியூர் ஆய்வாளர்கள் அந்தக் கறுப்புப் படத்தின் மூலத்தைக் கேட்டிருக்கிறார்கள். பழைய கோப்பை அவள் அன்றே அழித்துவிட்டாள்; புதிதாக எடுத்து இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். சாயமிடாத கிண்ணம் நிஜமாகவே கறுப்பாக இருந்துவிட்டால் அவள் பிழைத்தாள். இல்லையென்றால் அந்தப் பெண்ணை ஆற்றுக்கு அனுப்பியது இவள் வாய்தான்.

முதலில், பழைய கணக்கைச் சரிபார்க்க, சாயமிட்ட கிண்ணத்தை வைத்திருந்தாள். இருபத்தொன்றாவது படம் திரைக்கு வந்தது.

பச்சை ஒதுங்கியிருந்தது. ஒவ்வொரு செல்லிலும், ஒரே ஓரத்தில். இந்த வகைச் செல்கள் எதிரியை அடையாளம் கண்டால் சவ்வின் புரதங்களையெல்லாம் எதிரி இருக்கும் பக்கம் திரட்டும். பிறகு போய் ஒட்டிக்கொண்டு கொல்லும். அது பாடப்புத்தகச் செய்தி. ஆனால் கிண்ணத்தில் எதிரி எதுவும் இல்லை. எல்லாம் இடப்பக்கம் திரண்டிருந்தன.

செங்கே இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

நாற்காலியை நகர்த்தினாள். வலப்பக்கம் போனாள். காத்திருந்தாள். படம் எடுத்தாள்.

வலப்பக்கம்.

 கையுறையைக் கழற்றி வியர்வையைத் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொள்ள மறந்தாள். சாயமிடாத கிண்ணத்தை எடுத்து வைத்தபோது மூடி சற்றே சரிந்து, விரலில் ஒரு சொட்டு பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

லேசரைத் திறந்தாள்.

பச்சை. மினுக்கம் இல்லை, வெளிச்சம். திரை முழுக்க. அவளைப் பார்த்தபடி.

எமோகே சொன்னது சரி. செங்கேக்குத் தெரியும். அன்றே தெரியும்.

அப்போதும் கை பழைய வழியிலேயே போனது. ஷட்டரை மூடினாள். இருட்டைப் படமெடுத்தாள். அதை அனுப்பிவிடலாம். யாருக்குத் தெரியும்?

படம் வந்தது. கறுப்பு. முழுக் கறுப்பு.

போன உயிர் திரும்பி வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று சாதாரண விளக்கில் கிண்ணத்தைப் பார்த்தாள். தண்ணீர் மட்டும் இருந்தது. ஒரு செல்கூட இல்லை.

விளக்கை அணைத்தாள். திரையையும் லேசரையும் அணைத்தாள். விசிறி நின்றது. மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். வெண்டெல் மாமா.

"முடிஞ்சுதாம்மா? கறுப்புதானா?"

செங்கே இருட்டில், சொட்டு பட்ட விரல் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோலுக்கு அடியில் ஊசிமுனை அளவு பச்சைப் புள்ளிகள். பத்து. நூறு. மணிக்கட்டைத் தாண்டிவிட்டன. எல்லாம் ஒரே பக்கமாக, அவசரமில்லாமல், மேலே.

"கறுப்புதான் மாமா," என்றாள். "ஒண்ணுமே இல்ல."

அந்த வார்த்தைக்குப் புள்ளிகள் ஒரு கணம் நின்றன. பிறகு தோள்வரை வெளிச்சம் பரவியது. அந்த வெளிச்சத்தில் அவள் கை எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.