பச்சைக் கட்டம்

தொட்டிக்குள் உயிருள்ளது எதுவுமில்லை. பிறகு ஏன் திரையில் பச்சைக் கட்டம் விழுகிறது என்று குருமூர்த்திக்கு விளங்கவில்லை. கடலுக்கடியில் பவளப்பாறை தேடப்போகும் ரோபோவின் கேமராவைப் பழக்குவது அவன் வேலை. உயிருள்ள பவளத்தைக் கண்டால் மட்டும் அது கட்டம் போட வேண்டும், போலியைக் கண்டு ஏமாறக் கூடாது. அதற்காகத்தான் விருத்தாசலத்தில் மாமனாரின் பீங்கான் பட்டறையில் கண்ணாடித் தொட்டி வைத்து, மனைவி பூங்கோதை செய்து கொடுத்த பீங்கான் பவளங்களை அடுக்கியிருந்தான்.

மழை பிடித்த சாயங்காலம். ஈரக் களிமண் வாசனையும், ஆறிக்கொண்டிருந்த சூளையின் கருகல் நெடியும், தகரக் கூரையில் ஓயாமல் கொட்டும் தண்ணீரும், தொட்டிக்குள் ரோபோவின் மோட்டார் கொசு மாதிரி விடாமல் இரைவதும் சேர்ந்து அவனுக்குத் தலையை வலித்தது. உற்றுப் பார்த்தான். கட்டம் தொட்டிக்குள் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பொம்மை துடைத்துக்கொண்டிருந்த பூங்கோதையின் வயிற்றின் மேல் இருந்தது.

அவளுக்கு ஏழாம் மாதம். முதல் கர்ப்பம் கலைந்தபோது அவள் பிழைத்ததே பெரும்பாடு. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்று கொளஞ்சியப்பர் கோயிலில் சீட்டில் பிராது எழுதிக் கட்டிவிட்டு வந்திருந்தான்.

மிஷினுக்கும் உன் மேல் ஒரு கண் என்று கேலி செய்து, தள்ளி நிற்கச் சொன்னான். கட்டமும் தள்ளி நின்றது. சேலைப் பூவாக இருக்கும் என்று துண்டால் மூடச் சொன்னான். துண்டின் மேல் விழுந்தது. அவனே அங்கே போய் நின்று திரையைப் பார்த்தான். கட்டம் இல்லை.

கேலி போய்விட்டது. இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டான். அவள் வெட்கப்பட்டாள். மசக்கையில் வந்த மண் ஆசை இன்னும் விடவில்லையாம். அப்பாவுக்குத் தெரியாமல் தினமும் ஓர் உருண்டை வாயில் போட்டுக்கொள்கிறாளாம். இந்த ஊரில் மண் தின்னாத பிள்ளைத்தாச்சி யார்? அவன் திட்டவில்லை.

"எந்த மண்ணு?"

"அந்த மூலை பேசின்ல இருக்குதே, அதாங்க. உப்புக்கரிச்சு நல்லா இருக்குது."

அவன் மூலை பேசினைத் திரும்பிப் பார்த்தான். அச்சு எடுப்பதற்குக் கடலிலிருந்து வந்த நிஜப் பவளம் ஒன்று கைதவறி உடைந்திருந்தது. உடைந்ததை எறிவது பட்டறையில் வழக்கமில்லை. அரைத்து மண்ணோடு பிசைந்துவிடுவார்கள். அவனும் அப்படியே பிசைந்து அந்த பேசினில் வைத்திருந்தான்.

"புள்ள அசையுதா?"

"நேத்துலேர்ந்து இல்லீங்க. பாரம் மட்டும் ஏறிக்கிட்டே இருக்குது."

வயிற்றில் கை வைத்தான். சில்லென்றிருந்தது. கல். உள்ளே, கோப்பையோடு கோப்பை உரசும் சத்தம்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஆட்டோ கொண்டுவருகிறேன் என்று எழுந்தான். கரண்ட் போனது. பேட்டரியில் ஓடும் ரோபோவின் கேமராவும் திரையும் மட்டும் அணையவில்லை. இப்போது கட்டம் ஒன்று மட்டுமில்லை. நெஞ்சில் ஒன்று. கழுத்தில் ஒன்று. மேலே ஏறிக்கொண்டிருந்தன.

பவளம் இருட்டில்தான் விரிந்து இரை தேடும். அது அவனுக்குத் தெரியும்.

"பூங்கோத, பேசாத. வாயத் தொறக்காத."

அவள் திறந்தாள். சத்தம் வரவில்லை. பற்களுக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாகச் சின்னஞ்சிறு விரல்கள் விரிந்தன. அசைந்தன. எல்லாம் ஒன்றாக அவன் பக்கம் திரும்பின.