அம்மா சொல்லும் வரி

அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபத்தை நான்கு பேரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பரலோகத்தில் இருக்கிற அப்பா" என்று தொடங்குவது, லிஃப்ட் பழுதுபார்க்கும் அப்பா. சாப்பாட்டுக்கு நன்றி சொல்வது பெரியவள். "உமது விருப்பம்போல் எங்களை நடத்தும்" என்பது அம்மா. பொடியனுக்கு "ஆமென்" மட்டும்தான். அதற்கு மேல் கொடுத்தால் அவன் கை தட்டுக்குப் போய்விடும்.

காய்ச்சலில் அம்மா இறந்த பிறகு, ஜெபம் அம்மாவின் வரியில் வந்து நின்றுவிடும். அப்பா, "சாப்பிடுங்க" என்பார்.

பொடியன் தட்டைத் தொடமாட்டான். "இன்னும் ஆமென் வரலையே!" என்பான். அதட்டினால் இரண்டு வாய் சாப்பிடுவான். ஆளே இளைத்துவிட்டான்.

"அம்மா வரியை நீ சொல்லேன்க்கா," என்று இன்றும் கெஞ்சினான்.

"போடா! ஆண்டவர் விருப்பம்னுதானே அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டார்? நான் சொல்லமாட்டேன்."

அப்பா தலைகுனிந்துகொண்டார்.

பொடியன் கோபமாகப் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டு இறங்கினான். "ஐயோ!" உள்ளங்கையில் மரச்சிராய் ஏறிவிட்டது.

அப்பா அவனை மடியில் வைத்து ஊசியை எடுத்தார். "ஆட்டாதேடா கண்ணா. கொஞ்சம்தான்."

"நீங்க கெட்ட அப்பா! வலிக்குது!"

கத்தினானே தவிர, கையை இழுக்கவில்லை. அப்பாவின் கிரீஸ் வாடை அடிக்கும் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

பெரியவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சிராய் வந்துவிட்டது. "உங்க பேச்சு கா!" என்றான் பொடியன், மடியை விட்டு இறங்காமலே.

"அப்பா, ஆண்டவர்மேல கோபமா இருந்துக்கிட்டே ஜெபம் பண்ணலாமா?" என்று கேட்டாள் பெரியவள்.

அப்பா ஊசியைக் கீழே வைத்தார். "நான் தினமும் அப்படித்தாம்மா பண்றேன்," என்றார்.

அவள் கண்ணை மூடினாள்.

"பரலோகத்தில் இருக்கிற அப்பா, அம்மா ஏன் போனாங்கன்னு எனக்குப் புரியலை. ரொம்ப வலிக்குது. ஆனா, உங்களை விட்டுட்டு நான் யார்கிட்ட போவேன்? உமது விருப்பம்போல்…"

குரல் உடைந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"…எங்களை நடத்தும்."

பொடியன் தட்டுப் பக்கம் திரும்பவில்லை. வலிக்காத கையால் அக்காவின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, மெதுவாக, "ஆமென்" என்றான்.

சாப்பாடு ஆறிப்போயிருந்தது. மூன்று பேரும் ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.