காணாமல் போன கீறல்

"கீறலைக் காணோம்," என்றார் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், வந்த காலோடு.

கைரேகை நிபுணர் நாற்காலியில் இருந்து எழவில்லை. முப்பது வருடம் அடுத்தவர் விரல் ரேகைகளைப் பார்த்துக் கண் பூத்துப்போனவர் அவர். ஓய்வு பெற்ற பிறகாவது நிம்மதியாக இருக்கலாம் என்றால், ஒரு குண்டூசி தொலைந்தாலும் அவரைத்தான் தேடி வருகிறார்கள். போதாக்குறைக்கு, கேஸ் என்ற சொல் காதில் விழுந்ததுமே செருப்பை மாட்டிக்கொள்ளும் மைத்துனர் வேறு.

"பொருளைக் காணோம்னு வருவாங்க. கீறலைக் காணோம்னு இப்பதான் கேள்விப்படறேன்!" என்றார் மைத்துனர்.

ஓட்டுநர் வீட்டு அலமாரியில் முழ நீளத்தில் ஒரு மாதிரி விமானம் இருந்தது. விமானி உட்காரும் இடத்தை மூடும் தெளிந்த பிளாஸ்டிக் மூடியில் எட்டு வருடமாக ஒரு நீளக் கீறல். நேற்றுப் பார்த்தால் மூடி பளிங்காக இருக்கிறது.

"பிளாஸ்டிக் என்ன தோலா, தானா ஆறிப்போக? அசலைத் தூக்கிட்டு நகலை வெச்சிருக்கான். என் தங்கச்சி மகன்தான், சந்தேகமே இல்ல. இதையெல்லாம் வாங்கி விக்கிறவன். சாயங்காலம் போலீசுக்குப் போறேன்."

"கீறல் எப்படி விழுந்துச்சு?" என்று கேட்டார் நிபுணர்.

"விழுந்துச்சு. அவ்வளவுதான்."

நிபுணர் பெருமூச்சுவிட்டு எழுந்தார்.

ஓட்டுநர் வீட்டில் பூட்டு, ஜன்னல் எதுவும் உடைந்திருக்கவில்லை. நிபுணர் கை கழுவப் போனபோது தொட்டி மேல் ஒரே ஒரு பல்பொடி டப்பாவைப் பார்த்தார். திரும்பி வந்தபோது ஓட்டுநரின் மனைவி படபடத்துக்கொண்டிருந்தார்.

"பாவம் அந்தப் பையன் மேல பழி போடறாரு. திருட வந்தவ இப்படிப் பாத்துப் பாத்துத் தேய்ச்சிருப்பாளா?"

நிபுணர் செய்தித்தாள் ஒன்றை மூடிக்குப் பின்னால் பிடித்தார்.

"வரியெல்லாம் நேரா தெரியுது. இந்த இடத்துல மட்டும் எழுத்து வளையுது, பாருங்க. கீறல் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குச் சுத்தியிருந்த பிளாஸ்டிக்கையும் தேய்ச்சு எடுத்திருக்காங்க. அதான் இங்க மெலிஞ்சிருக்கு. இது உங்க அசல் மூடிதான்."

உருப்பெருக்கியை விளிம்பருகே கொண்டுபோனார். "முதல்ல உப்புத்தாள். வர வர நைசான தாள். ஒவ்வொரு தடவையும் குறுக்க திசை மாத்தித் தேய்ச்சிருக்காங்க. மணிக்கணக்கான வேலை. மூலையில ஏதோ வெள்ளையா ஒட்டியிருக்கு, மோந்து பாருங்க."

மைத்துனர் மூக்கை நீட்டினார். "புதினா! பற்பசை!"

"கடைசி மெருகு அதுலதான். ஆனா இந்த வீட்டுல பல்பொடிதான் இருக்கு. ஆக, வெளிய இருந்து ஒருத்தர் பசையோட வந்திருக்காங்க. உள்ள இருந்தவங்க கதவைத் திறந்து விட்டிருக்காங்க."

"அப்ப என் தங்கச்சி மகனேதான்!" என்றார் ஓட்டுநர்.

"இல்ல." இனிச் சொல்லப்போவதை நினைத்தாலே நிபுணருக்கு ஆயாசமாக இருந்தது. ஓர் அம்மாவின் ரகசியம். வாயை மூடிக்கொண்டால், சாயங்காலம் ஒரு நிரபராதி ஸ்டேஷனில் நிற்பான். "மாத்திட்டான்னுதான் சார் சொன்னார். தேய்ச்சிருக்குன்னு அப்ப யாருமே சொல்லல. அம்மாதான் முதல்ல சொன்னாங்க. அதுவும் 'தேய்ச்சிருப்பானா'ன்னு இல்ல, 'தேய்ச்சிருப்பாளா'ன்னு. இப்படித் தேய்க்கத் தெரிஞ்ச பொண்ணு உங்க வீட்டுல யாரு சார்?"

ஓட்டுநர் மெல்ல உட்கார்ந்தார்.

"இந்த விமானத்தைச் செஞ்சதே எம் பொண்ணுதான். தனக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கப் போறேன்னு சொன்னா. நான்தான் இதைத் தூக்கிச் சுவத்துல அடிச்சேன். அன்னிக்குப் போனவதான்."

"நீங்க கண் ஆஸ்பத்திரிக்குப் போற நாள்ல வருவா," என்றார் மனைவி, முந்தானையைத் திருகியபடி. "ரெண்டு வருஷமா வர்றா. போன தடவை இதைக் கையில எடுத்துப் பாத்தவ, 'அப்பா கண்ணுல தினம் இது படுதேம்மா'ன்னா. நேத்து நீங்க போனதும் தாளும் பசையும் கொண்டாந்து, உக்காந்து தேய்ச்சுட்டா."

"ரெண்டு வருஷமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"அவ பேரை எடுத்தாலே எழுந்து போயிடுவீங்களே."

மைத்துனர் ஏதோ கேட்க வாயெடுத்தார். நிபுணர் அவர் முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார்.

பின்னால் ஓட்டுநரின் குரல் கேட்டது. "இளைச்சுட்டாளா?"

"என்னை ஏன் கேக்கறீங்க?" மனைவி கைப்பேசியில் எண்ணை அழுத்தி அவர் கையில் திணித்தார். "அவளையே கேளுங்க."