சந்திரவல்லிக்காகக் குரல் கொடுத்தவள்

நர்ஸ் முத்துப்பிரியா மூன்றாவது முறையாக ரப்பர் குமிழ்களைச் சந்திரவல்லியின் நெஞ்சிலிருந்து பிடுங்கி, குளிர்ந்த பசையைத் தடவி, மறுபடியும் ஒட்டினாள். இ.சி.ஜி. மெஷின் தாளைத் தள்ளியது. இப்போதும் ஒரே நேர்கோடு.

"மெஷின்லதான் ஏதோ கோளாறுக்கா. பயப்படாதீங்க."

சொன்னவள், சந்தேகம் தீராமல், கிளிப்புகளைத் தன் கை கால்களில் மாட்டிப் பார்த்தாள். தாளில் கோடு மலை மலையாக ஏறி இறங்கியது. பிறகு அவள் சந்திரவல்லியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. டாக்டர் வரும்வரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்துக்கொண்டாள்.

பெஞ்சில் தூக்குவாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் சந்திரவல்லி. எட்டு நாளாக நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றிவைத்தது போல வலி. வாயு என்று பூண்டைச் சுட்டுத் தின்று நாளைக் கடத்தியவள், நேற்று ஏலச்செடிகளுக்கு நடுவே மூச்சு முட்டிச் சரிந்த பிறகுதான் பயந்தாள். மகள் சுகன்யாவுக்குத் தை மாதம் கல்யாணம். அதுவரையாவது இருந்துவிட வேண்டும், வேறு ஆசை இல்லை. மகளிடம்கூடச் சொல்லாமல், வேலைக்குப் போவது போலத்தான் காலையில் கிளம்பியிருந்தாள்.

கங்காணிக்கும் தெரியாது. போடிமெட்டுக்கு மேலே இருக்கும் தோட்டத்தில், பனி இறங்கிவிட்டால் ஏலச்செடி ஆளை விழுங்கிவிடும். கங்காணி மேட்டில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். செடிக்குள்ளிருந்து பதில் குரல் வந்தால் ஆள் வந்தாயிற்று. வராதவளுக்காக இன்னொருத்தி குரல் கொடுத்துக் காப்பாற்றுவது பெண்களுக்குள் வெகுநாளாக நடக்கும் திருட்டுத்தனம். இன்று அந்தப் பொறுப்பை ஆயம்மாளிடம் ஒப்படைத்திருந்தாள்.

டெட்டால் வாசனைக்கு நடுவே எங்கிருந்தோ பச்சை ஏலக்காய் வாசனை வந்தது. மதியம்வரை டாக்டர் வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் ஆயம்மாளுக்குப் போன் போட்டாள். இரைச்சலுக்குள் அவள் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"ஒங்க பேருக்கு நான் வாயெடுக்குறதுக்குள்ள நீங்களே பக்கத்து நிரையில இருந்து குரல் குடுத்துட்டீங்களே, மதினி."

சந்திரவல்லி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இந்தா, குனிஞ்சு காய் எடுத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க. இதுக்கு எதுக்குப் போனு?"

போனுக்குள் தொலைவில் யாரோ இருமினார்கள். அது அவளுடைய இருமல்.

டாக்டருக்குக் காத்திராமல் எழுந்து ஓடினாள். தோட்டத்து ஜீப்பு வந்து நிற்கும் தெருமுக்குக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இவ்வளவு ஓடியும் மூச்சு வாங்கவில்லை. வலியும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பொழுது சாய ஜீப்பு வந்தது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஆயம்மாளின் தோளைத் தொட்டாள். ஆயம்மாள் திரும்பவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "என்ன குளுரு," என்றாள்.

கடைசியாக ஒருத்தி இறங்கினாள். சந்திரவல்லி போட்டிருந்த அதே நீல முழுக்கைச் சட்டை. தலையில் சிவப்புத் துண்டு. கையில் தூக்குவாளி.

சந்திரவல்லி தன் கையைப் பார்த்தாள்.

வெறுங்கை.

"வர்றேன் மதினி, வெரசா தூங்குங்க," என்று ஆயம்மாள் கடைசியாக இறங்கியவளிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் தலையாட்டினாள். நடந்தாள். சந்திரவல்லியின் தெருவுக்குள். சந்திரவல்லியின் வாசலுக்கு.

சந்திரவல்லி கத்தினாள். சத்தம் வரவில்லை. மீண்டும் கத்தினாள். தெரு நாய்கூடத் திரும்பவில்லை.

கதவு திறந்தது. சுகன்யா தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள்.

"மொகமே சரியில்லாம இருந்துச்சே காலையில. இப்ப தேவலையாம்மா?"

"இப்ப ஒண்ணுமில்ல ஆத்தா."

சிறு வயதிலிருந்து செய்வது போல, சுகன்யா அந்த நெஞ்சில் காதை வைத்துச் சாய்ந்தாள். கண்ணை மூடிச் சிரித்தாள்.

மகளின் தலைக்கு மேலாக, அது வாசலைப் பார்த்தது. கண்ணிமைக்கவில்லை. சட்டைக்குள் அதன் நெஞ்சு மட்டும் ஏறி, இறங்கி, ஏறி, இறங்கிக்கொண்டிருந்தது.